வீடு கட்டும்போது சொந்தமாக ஒரு இன்ஜினீயர்: எப்போது வரச் சொல்வது, எதைப் பார்க்கச் சொல்வது

எங்கள் முதல் வீட்டின் பால்கனியில் நான்காவது வருஷம் ஒரு விரிசல் விழுந்தது. சுவரை ஒட்டி, தளத்தின் மேல்பக்கம், இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி. டைல்ஸ்தான் வெடித்திருக்கிறது என்று ஒயிட் சிமெண்ட் பூசினேன். அடுத்த மழைக்கு அதே இடத்தில் மறுபடியும் வந்தது. தெரிந்தவர் மூலமாக, பொதுப்பணித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு இன்ஜினீயரைக் கூப்பிட்டுக் காட்டினோம். இரண்டு டைல்ஸைப் பெயர்த்து ஒரு கையகலம் கொத்தச் சொன்னார். இரண்டு அங்குலம் கொத்தியும் கம்பி தெரியவில்லை. மூன்றாவது அங்குலத்தில்தான் தட்டுப்பட்டது. தளமே மொத்தம் ஐந்து அங்குலம்.

"பால்கனிக்குக் கம்பி மேலே இருக்கணும் சார். கான்கிரீட் போட்ட அன்னைக்கு மிதிச்சுக் கீழே இறக்கிட்டாங்க. முந்தின நாள் சாயங்காலம் ஒருத்தர் வந்து பார்த்திருந்தா பத்து நிமிஷ வேலை" என்றார்.

அந்தப் பத்து நிமிஷ வேலைக்காக, பால்கனிக்கு அடியில் இரும்பு பிராக்கெட் அடித்து முட்டுக் கொடுக்க வேண்டி வந்தது. இன்றும் அது அசிங்கமாகத்தான் நிற்கிறது. இரண்டாவது வீடு கட்டியபோது பூமி பூஜைக்கு முன்பே அதே இன்ஜினீயரை எங்கள் சார்பில் அமர்த்திக்கொண்டேன். அவரோடு சுற்றி நோட்டில் எழுதி வைத்ததுதான் இந்த வழிகாட்டி. தமிழ்நாட்டில் சொந்த மனையில் கான்ட்ராக்டர் வைத்து வீடு கட்டுகிறவர்களை நினைத்து எழுதுகிறேன்.

ஏற்கெனவே இத்தனை பேர் பார்க்கிறார்களே?

"கான்ட்ராக்டர்கிட்டயே இன்ஜினீயர் இருக்காரே, எதுக்கு இன்னொருத்தர்?" என்றுதான் வீட்டில் முதலில் கேட்டார்கள். அவர் இருக்கிறார், சரி. அவருக்குச் சம்பளம் தருவது கான்ட்ராக்டர். நல்ல மனுஷனாகவே இருந்தாலும் ஒரே நாளில் நாலைந்து சைட் ஓடுகிறவர். நாளைக் காலை கான்கிரீட், ஆள் சொல்லியாயிற்று என்ற நிலையில் தன் முதலாளியிடம் "நிறுத்துங்கள்" என்று அவரால் சொல்ல முடியாது.

வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் வருகிறார். அவர் பார்ப்பது தளம் போட்டாயிற்றா, அடுத்த தவணையை விடலாமா என்பதை. தளத்துக்குள் என்ன கம்பி கிடக்கிறது என்பது அவர் வேலை இல்லை. பிளான் அப்ரூவல் என்பது மனையைச் சுற்றி எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம், எத்தனை மாடி, என்ன உயரம் என்ற விதிகளைப் பற்றியது. 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் கட்டும் வீட்டுக்குச் சுயசான்று கொடுத்து ஆன்லைனிலேயே உடனடியாக அனுமதி வாங்கிவிடலாம். அலைச்சல் மிச்சம்தான். ஆனால் அந்தத் தாள் உங்கள் வீட்டின் தரத்துக்கான சான்றிதழ் அல்ல.

ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை) சட்டம் இருக்கிறதே என்பார்கள். 2016ஆம் வருஷத்து அந்தச் சட்டத்தில், வீட்டை ஒப்படைத்து ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் விற்றவரே சரிசெய்து தர வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் அது வீடுகளைக் கட்டி விற்கும் புரமோட்டர்களுக்கானது. நம் மனையில் நாம் கான்ட்ராக்டரிடம் கட்டித் தரச் சொல்லும் தனி வீடு அதற்குள் வராது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வீடு கட்டித் தருவதும் ஒரு சேவை என்பதால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி உண்டு. அங்கே போனால் முதலில் கேட்பது ஒப்பந்தத்தையும் ஆதாரத்தையும். அந்த ஆதாரமும் தனி இன்ஜினீயரின் அறிக்கையாகத்தான் இருக்கும்.

ஆளைப் பிடிப்பது

சிவில் இன்ஜினீயர் என்றால் மட்டும் போதாது, சைட்டில் கம்பி எண்ணிப் பழகியவராக இருக்க வேண்டும். பொதுப்பணித் துறையிலும் வீட்டு வசதி வாரியத்திலும் ஓய்வு பெற்றவர்கள், உள்ளாட்சியில் பதிவு செய்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினீயர்கள், கன்சல்டன்சி எடுக்கும் பொறியியல் கல்லூரி சிவில் துறை ஆசிரியர்கள் என்று தேடினால் எந்த ஊரிலும் கிடைப்பார்கள். கான்ட்ராக்டர் சிபாரிசு செய்யும் ஆள் மட்டும் வேண்டாம்.

பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள். நீங்களும் கான்ட்ராக்ட் எடுக்கிறீர்களா? எடுப்பவர் என்றால், நாலு குறை சொல்லி வேலையைத் தன் பக்கம் இழுக்கும் ஆசை வரலாம். கம்பிக்கடை, சிமெண்ட் கடையில் கமிஷன் உண்டா? நேராகக் கேட்கக் கூச்சமாக இருந்தால், "எந்தக் கடையில் வாங்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே கடையை அழுத்திச் சொன்னால் புரிந்துகொள்ளலாம். கடைசியாக, அவர் முன்பு எழுதிக் கொடுத்த ஒரு அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். "எல்லாம் நன்றாக உள்ளது" என்று ஒரு பக்கம் எழுதுகிறவர் நமக்கு வேண்டாம். போட்டோ, டேப் வைத்த அளவு, எதைத் திருத்த வேண்டும், திருத்தியாயிற்றா என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும்.

சம்பளத்தைச் சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசாமல் ஒரு வருகைக்கு இவ்வளவு என்று பேசுங்கள். தரைத்தளமும் மாடியும் உள்ள எங்கள் வீட்டுக்குப் பத்து வருகை ஆயிற்று. பத்துக்கும் சேர்த்துக் கொடுத்தது, வாசலில் நிறுத்திய தேக்கு வாசக்காலின் விலையைவிடக் குறைவு.

டிராயிங் இல்லாமல் சோதனை இல்லை

நம் ஊரில் பெரும்பாலான வீடுகள் ஒரு பிளானையும் ஒரு கலர் எலிவேஷனையும் மட்டும் வைத்துக் கட்டப்படுகின்றன. எந்த பில்லருக்கு எத்தனை கம்பி என்பது மேஸ்திரியின் மனக்கணக்கு. "இந்த அளவு வீட்டுக்கு நாலு பன்னெண்டு எம்எம் கம்பி போதும் சார்" என்பார். போதலாம், போதாமலும் இருக்கலாம். ஆனால் எதை வைத்துச் சரிபார்ப்பது? அதனால் முதல் செலவு ஸ்ட்ரக்சுரல் டிராயிங்குக்கு. ஃபுட்டிங் (பில்லரின் அடித்தளம்), பில்லர், பீம், தளம் ஒவ்வொன்றுக்கும் கம்பியின் தடிமன், எண்ணிக்கை, இடைவெளி, ரிங் (கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம்) இடைவெளி, கான்கிரீட் கிரேடு எல்லாம் அதில் இருக்கும். சோதிக்க வருகிறவர் அதை முதலில் உட்கார்ந்து படிக்கட்டும்.

டிராயிங்குக்கு முன்னால் மண் பரிசோதனை. கரிசல் மண் தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சென்னையின் புறநகரில் ஏரிக்கரையையும் சதுப்பையும் மேடாக்கிப் போட்ட மனைகளில் மேலே நாலடி நல்ல மண் தெரியும், கீழே சேறு இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் ஐந்தடி தோண்டினார் என்று நாமும் ஐந்தடி தோண்டுவது சோதனை ஆகாது. துளையிட்டு எஸ்பிடி (மண்ணின் உறுதியை அடித்துப் பார்க்கும் சோதனை) எடுத்து, அந்த மண் எவ்வளவு தாங்கும் என்று எழுதித் தரும் அறிக்கை டிசைன் செய்பவர் கையில் இருக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுத வேண்டியது

இதுதான் எல்லாரும் விட்டுவிடுகிற இடம். வேலை பாதி நடக்கும்போது ஒரு இன்ஜினீயரைக் கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினால் கான்ட்ராக்டருக்குக் கோபம் வருவது நியாயம்தான். கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட்டால் தகராறே இல்லை. நாங்கள் எழுதியது ஏறக்குறைய இப்படி:

"கீழ்க்கண்ட கட்டங்களில் உரிமையாளரின் இன்ஜினீயர் பார்த்து எழுத்து மூலம் சம்மதம் தந்த பிறகே அடுத்த வேலை தொடங்கப்படும். 48 மணி நேரத்துக்கு முன்பாகத் தகவல் தரப்படும். டிராயிங்குக்கு மாறான வேலையைக் கான்ட்ராக்டர் தன் செலவில் திருத்தித் தருவார்."

கட்டங்களைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: ஃபுட்டிங் குழி, ஃபுட்டிங் கம்பி, பிளின்த் பீம் (தரைமட்டத்தில் ஓடும் பீம்) கம்பி, பில்லர், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் பட்டை), ஒவ்வொரு தளத்தின் கம்பி, பூச்சுக்கு முன் வயரிங்கும் பிளம்பிங்கும், பாத்ரூம் வாட்டர்புரூஃப், ஒப்படைப்பு. பணத் தவணையையும் இதோடு கட்டுங்கள். "ரூஃப் போட்டதும் 15 சதவீதம்" என்று எழுதாமல் "ரூஃப் கம்பிக்குச் சம்மதம் கிடைத்துத் தளம் போட்டதும்" என்று எழுதுங்கள். மொத்தத் தொகையில் ஐந்து சதவீதத்தையாவது ஒரு மழைக்காலம் முடியும் வரை பிடித்து வைப்பதாகவும் போடுங்கள். எங்கள் கான்ட்ராக்டர் இதற்கு மட்டும் ரொம்ப முரண்டு பிடித்தார். கடைசியில் மூன்றரை சதவீதத்தில் ஒத்துக்கொண்டோம்.

இந்த நிபந்தனையைப் படித்ததுமே "அப்படீன்னா வேற ஆளைப் பார்த்துக்கங்க" என்று எழுந்து போன ஒருவரும் உண்டு. போகட்டும்.

சாமான் வந்து இறங்கும்போது

இதற்கு இன்ஜினீயர் வர வேண்டியதில்லை, நாமே பார்க்கலாம். கம்பியின் மேல் கம்பெனி பெயரும் 500 அல்லது 500டி என்ற கிரேடும் புடைத்து இருக்க வேண்டும். ஒரு மீட்டர் எடைக்குக் கணக்கு எளிது: தடிமனை அதே தடிமனால் பெருக்கி 162ஆல் வகுக்க வேண்டும். 8 எம்எம் கம்பி மீட்டருக்கு 395 கிராம், 12 மீட்டர் முழுக் கம்பி 4.74 கிலோ. கம்பிக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 1786 இதில் ஏழு சதவீதம் முன்பின் விடுகிறது. 4.4 கிலோவுக்கும் கீழே போனால் திருப்பி அனுப்புங்கள். கடையில் டன் கணக்கில் வாங்கினால் எடையில் நஷ்டம் இல்லையே என்று நினைக்கலாம். நஷ்டம் பணத்தில் இல்லை, தளத்துக்குள் போகும் இரும்பு டிசைனில் சொன்னதைவிட மெலிந்துவிடுகிறது.

சிமெண்ட் மூட்டையில் எத்தனையாவது வாரம், எந்த வருஷம் தயாரித்தது என்று அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டியதை வாங்க வேண்டாம். செங்கலை ஒரு நாள் முழுக்கத் தண்ணீரில் போட்டு எடுத்து எடை பாருங்கள். மூன்று கிலோ கல் 600 கிராமுக்கு மேல் தண்ணீர் குடித்தால், அதாவது 20 சதவீதத்தைத் தாண்டினால், சூளையில் சரியாக வேகாத கல். எம்-சாண்ட் என்று சொல்லிக் கிரஷர் தூசியைக் கலந்து அடிப்பது இப்போது சகஜம். கையில் அள்ளித் தேய்த்தால் மாவு மாதிரி ஒட்டும். சந்தேகம் வந்தால் லேபுக்குச் சல்லடைச் சோதனைக்கு அனுப்புங்கள்.

முதல் மூன்று வருகைகள்: தரைக்குக் கீழே

மார்க்கிங் அன்று மூலைக்கு மூலை டேப் பிடித்து இரண்டு குறுக்களவும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் வீடு கோணல். டைல்ஸ் போடும்போதுதான் இது தெரியவரும், அப்போது ஒன்றும் செய்ய முடியாது.

குழி தோண்டியதும் முதல் வருகை. டிராயிங்கில் சொன்ன ஆழமா, எல்லாக் குழியிலும் ஒரே மாதிரி மண்தானா என்று பார்ப்பார். எங்கள் வீட்டில் ஈசானி மூலைக் குழியில் மட்டும் பழைய கிணறு ஒன்றைத் தூர்த்த மண் வந்தது. வேலையை நிறுத்தி டிசைன் செய்தவருக்கு போன் போட்டு, அந்த ஒரு ஃபுட்டிங்கை இன்னும் மூன்றரை அடி இறக்கினோம். யாரும் பார்க்காமல் இருந்தால் அன்று சாயங்காலமே பி.சி.சி. (கம்பியில்லாத அடிக் கான்கிரீட்) போட்டு மூடியிருப்பார்கள்.

இரண்டாவது, ஃபுட்டிங் பாய்க் கம்பியும் பில்லர் கம்பியும் நிறுத்தியதும். கம்பிக்கு அடியில் 50 எம்எம் கவர் பிளாக் (கம்பியைத் தூக்கி நிறுத்தும் கட்டை) இருக்க வேண்டும். உடைந்த ஜல்லியை முட்டுக் கொடுத்திருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். கான்கிரீட் விழும்போது அது நழுவிவிடும், கம்பி மண்ணைத் தொடும், ஈரம் ஏறித் துரு பிடிக்கும். குழியில் தண்ணீர் ஊறியிருந்தால் இறைத்துவிட்டுத்தான் கான்கிரீட்.

மூன்றாவது வருகைக்குள் பிளின்த் பீம் வந்திருக்கும். பேஸ்மட்டத்துக்குள் மண்ணை ஒரே கொட்டாகக் கொட்டித் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டால் போதும் என்பது சைட்டில் ஒரு நம்பிக்கை. அரையடி அரையடியாகக் கொட்டி, நனைத்து, இடித்தால்தான் பின்னால் தரை உட்காராது. மேல்மட்டம் தயாரானதும் தரைக் கான்கிரீட்டுக்கு முன்பு கரையான் மருந்து அடிப்பார்கள். ஐஎஸ் 6313 சொல்லும் முறை அது. மழை நாளில் அடிக்க விடாதீர்கள், கழுவிக்கொண்டு போய்விடும்.

பில்லரும் சுவரும்

பில்லரில் முதலில் பார்க்க வேண்டியது ரிங்கின் கொக்கி. கம்பி வளைப்பவர் வசதிக்காக 90 டிகிரியில் மடக்கி விட்டிருப்பார். உள்பக்கம் நோக்கி 135 டிகிரிக்கு மடங்கியிருந்தால்தான் அழுத்தம் வரும்போது ரிங் பிரியாது. கொக்கிகள் எல்லாம் ஒரே மூலையில் வராமல் மாறி மாறி இருக்க வேண்டும். அப்புறம் லேப்: மேல் கம்பியும் கீழ்க் கம்பியும் சேரும் நீளம் டிராயிங்கில் இருக்கும். எங்கள் டிராயிங்கில் கம்பித் தடிமனைப் போல 50 மடங்கு. 16 எம்எம் கம்பிக்கு 80 சென்டிமீட்டர். டேப் வைத்தால் பல இடத்தில் 60தான் இருந்தது. எல்லா லேப்பும் ஒரே உயரத்தில் இருப்பதும் தப்பு. கவர், அதாவது கம்பிக்கு வெளியே இருக்கும் கான்கிரீட்டின் தடிமன், 40 எம்எம்.

பலகை பிரித்ததும் மறுபடி ஒரு பார்வை. ஜல்லி தெரியும்படி பொந்து பொந்தாக, தேன்கூடு மாதிரி இருந்தால் வைப்ரேட்டர் சரியாகப் போகவில்லை. நாம் வருவதற்குள் மேஸ்திரி சிமெண்ட் கரைத்துப் பூசி மறைத்துவிடுவார். அதனால் "பலகை பிரிக்கும்போது நான் இருப்பேன்" என்று முன்பே சொல்லி வையுங்கள். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்ப்பதும் அப்போதே.

சுவர் வேலையில் பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை. செங்கல் நனைந்திருக்க வேண்டும், ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் உள்ள லேசான கான்கிரீட் கல்) என்றால் ஊற வைக்காமல் மேலாகத் தெளித்தால் போதும். ஒரு நாளில் நாலைந்து அடி உயரத்துக்கு மேல் எழுப்பக் கூடாது. லிண்டல் இரண்டு பக்கமும் அரையடியாவது சுவரில் உட்கார வேண்டும்.

ரூஃப்: இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்

மற்ற எந்த வருகையைத் தவறவிட்டாலும் இதை விடாதீர்கள். கான்கிரீட் அன்று காலை வேண்டாம், முந்தைய நாள் மதியமே வரச் சொல்லுங்கள். காலையில் ஆட்கள் வந்து நின்றுவிட்டால் யாருக்கும் திருத்த மனசு வராது.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு இன்ஜினீயர் ஏறினார். கையில் டேப், டார்ச், ஒரு சாக்பீஸ். முதலில் சென்ட்ரிங்கின் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை) கீழே போய் முட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் ஆட்டிப் பார்த்தார். ஒரு முட்டு செங்கல் மேல் செங்கல் அடுக்கி நின்றது. சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி. மேலே வந்து கம்பி இடைவெளியை ஒரு மீட்டருக்குள் எத்தனை கம்பி என்று எண்ணினார். டிராயிங்கில் 15 சென்டிமீட்டர், சைட்டில் சில இடத்தில் 18. இன்னொரு குறி. தளத்துக்குக் கவர் 20 எம்எம், பீமுக்கு 25. கடலோரம் என்றால் டிசைன் செய்பவர் இதைக் கூட்டித் தருவார். எலெக்ட்ரீஷியன் ஒரே இடத்தில் ஏழு பைப்பைச் சேர்த்துக் கட்டி பில்லர் பக்கமாக இறக்கியிருந்தார். அந்த இடத்தில் கான்கிரீட்டைவிடப் பைப்தான் அதிகம் இருக்கும் என்று பிரிக்கச் சொன்னார்.

கடைசியில் பால்கனிக்கு வந்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மேல் கம்பியின் மீது காலை வைத்து லேசாக அழுத்தினார். அது அப்படியே கீழ்க் கம்பியோடு ஒட்டிக்கொண்டது. பால்கனி சுவரிலிருந்து வெளியே தொங்குகிற தளம். பாரத்தில் அதன் மேல்பக்கம்தான் இழுபடும். அதனால் முக்கியக் கம்பி மேலேயே நிற்க வேண்டும். அதைத் தாங்கச் சேர் கம்பி என்று நாற்காலி மாதிரி வளைத்து வைப்பார்கள். முழு பால்கனிக்கும் வைத்திருந்தது மூன்று. கம்பி உள்தளத்துக்குள் போக வேண்டிய நீளமும் ஒன்றரை அடி குறைவு.

"சார், முப்பது வருஷமா இப்படித்தான் போடுறோம். ஒண்ணும் ஆனதில்லை" என்றார் மேஸ்திரி.

"இவர் பழைய வீட்டுல ஆயிருக்கு அண்ணே. பார்க்கிறீங்களா?" என்றார் இன்ஜினீயர்.

காலை ஆறு மணிக்கு இருபது ஆள் வருகிறார்கள், மிக்சர் வந்து நிற்கிறது என்று கான்ட்ராக்டர் போனில் சத்தம் போட்டார். ஒப்பந்தத்தில் கையெழுத்து இருந்ததால் அதற்கு மேல் பேச்சு வளரவில்லை. கம்பி வேலைக்காரர்கள் இருவர் இரவு ஒன்பது மணி வரை இருந்து சேர் வைத்தார்கள், குறைந்த கம்பியை மாற்றினார்கள். காலை எட்டு மணிக்கு இன்ஜினீயர் மறுபடி பார்த்துச் சம்மதம் எழுதினார். கான்கிரீட் தொடங்கியபோது ஒன்பதரை. கம்பி மேல் நடக்காமல் இருக்கப் பலகை போட்டுத்தான் ஆட்கள் போனார்கள்.

கான்கிரீட் ஓடும்போது கவனிக்க வேண்டியது தண்ணீர். சைட்டில் கலக்கும் எம்20 கிரேடு கலவையில் சிமெண்ட், மணல், ஜல்லி 1:1.5:3. ஒரு மூட்டைக்கு மணலையும் ஜல்லியையும் சட்டியில் குத்துமதிப்பாக அள்ளாமல் அளவுப் பெட்டியால் போடச் சொல்லுங்கள். கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 ஒரு மூட்டைக்கு அதிகபட்சம் 30 லிட்டர் தண்ணீர் என்கிறது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டில் ஒன்றரை. மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைய வேண்டும். கொட்டச் சுலபமாக இருக்கும் என்று ஓஸைத் திறந்து விடுவார்கள். அங்கேதான் பலம் போகிறது. ரெடிமிக்ஸ் என்றால் லாரி கொண்டுவரும் சீட்டில் கிரேடையும் கலந்த நேரத்தையும் பாருங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் இறக்க வேண்டும். லாரிக்குள் தண்ணீர் சேர்க்க யாரையும் விடாதீர்கள்.

அன்றைக்கே 150 எம்எம் இரும்பு அச்சில் கியூப் (கனசதுரக் கான்கிரீட் கட்டி) எடுத்து வையுங்கள். ஆறு எடுத்தால் மூன்றை ஏழாம் நாளும் மூன்றை 28ஆம் நாளும் லேபில் நசுக்கிப் பார்ப்பார்கள். எம்20 என்றால் 28ஆம் நாள் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். ஏழாம் நாளில் அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்கு வந்திருக்கும். கியூப்புக்கு நீங்களே தேதி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். தனியாகக் கெட்டிக் கலவை செய்து கியூப் போடுவது ஒரு பழைய தந்திரம்.

தண்ணீர் விடுவதும் முட்டுப் பிரிப்பதும்

தளத்தில் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். சாதாரண சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள், பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்டுக்கு 10. நம் ஊர் வெயிலுக்கு முறையே 10, 14 என்று ஐஎஸ் 456 பரிந்துரைக்கிறது. இன்று கடையில் கிடைப்பதில் பெரும்பகுதி பிபிசி என்பதால் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பில்லருக்குச் சாக்குச் சுற்றி நனைக்க வேண்டும். பால்காரர் மாதிரி காலையில் ஒரு தரம் வந்து ஓஸ் அடித்துவிட்டுப் போவது கியூரிங் இல்லை.

முட்டுகளை எப்போது பிரிப்பது? சாதாரண சிமெண்டில் 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14. பீமுக்கு 6 மீட்டர் வரை 14, மேலே போனால் 21. பிபிசிக்கு எங்கள் இன்ஜினீயர் தளத்துக்கு 14, பீமுக்கு 21 என்று எழுதினார். பலகை வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள். பால்கனி முட்டுகளைக் கடைசியில், வெளி முனையிலிருந்து சுவரை நோக்கிப் பிரிக்க வேண்டும்.

பூச்சுக்கு முன்பு

தண்ணீர் பைப்புகளை மூடும் முன் பிரஷர் பம்பு வைத்து, பைப் கம்பெனி சொல்லும் அழுத்தத்துக்கு ஏற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். சிபிவிசி பைப்புக்குப் பத்து பார் அளவில் இருக்கும். முள் இறங்கினால் எங்கோ கசிகிறது. வயரில் லைட்டுக்கு 1.5, பவர் பாயிண்டுக்கு 2.5, ஏசிக்கும் கீசருக்கும் 4 சதுர எம்எம் என்பது வழக்கம். எர்த் குழியும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபியும் (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம் கேட்டு வாங்குங்கள். பில்லரும் செங்கல்லும் சேரும் கோட்டில் கோழி வலை அடிக்காமல் பூசினால், அந்தக் கோட்டிலேயே விரிசல் வரும்.

இந்த நிலையில் ஒவ்வொரு சுவரையும் டேப் விரித்து வைத்து போட்டோ எடுங்கள். தரையிலிருந்து எத்தனை அடி, மூலையிலிருந்து எத்தனை அடி என்று படத்திலேயே தெரிய வேண்டும். அரை நாள் வேலை.

பூச்சின் தரத்துக்குச் சுரண்டிப் பார்ப்பதே சோதனை. 2021ல் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா குடியிருப்பில் சுவர்ப் பூச்சு கைபட்டால் உதிர்ந்ததை எல்லாரும் டிவியில் பார்த்தோம். ஐஐடி மெட்ராஸை அழைத்து ஆய்வு செய்ய வேண்டி வந்தது. நம் வீட்டில் பூசி இரண்டு வாரம் தண்ணீர் விட்ட பிறகு ஆணியால் கீறிப் பாருங்கள். மாவாகக் கொட்டினால் எழுதி வையுங்கள்.

பாத்ரூமும் மொட்டை மாடியும்

வாட்டர்புரூஃப் அடித்ததும் பாத்ரூம் பள்ளத்தில் தண்ணீர் நிரப்பி, மட்டத்தைச் சுவரில் கோடு போட்டு, 48 மணி நேரம் விட்டு அடியில் போய்ப் பாருங்கள். எங்கள் மாடி பாத்ரூமில் இரண்டாம் நாள் காலை, கீழே ஹாலின் ஓரத்தில் ஐந்து ரூபாய் அளவில் ஈரம். டிராப் பைப் சுற்றிய இடத்தில் சரியாக அடைக்கவில்லை. டைல்ஸ் போடாததால் திருத்த ஒரு நாள்தான் ஆயிற்று. மாடியிலும் இதே சோதனை, கூடவே ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றி, அது குழாய் வாய் பக்கம் ஓடுகிறதா, நடுவில் தேங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

டைல்ஸை ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போங்கள். டொக்டொக் என்று பொள்ளல் சத்தம் வந்தால் அடியில் கலவை இல்லை. ஒப்படைப்பு அன்று ஜன்னல், கதவு, குழாய், சுவிட்ச் எல்லாவற்றையும் திறந்து மூடிப் பட்டியல் போட்டுக் கான்ட்ராக்டரிடம் கையெழுத்து வாங்குங்கள்.

பாதியில் விழித்துக்கொண்டவர்களுக்கு

தளம் எல்லாம் போட்டாயிற்று, இப்போதுதான் படிக்கிறேன் என்றால், ரீபவுண்ட் ஹாம்மர், அல்ட்ராசோனிக் சோதனை, கவர் மீட்டர் என்று உடைக்காமல் பார்க்கும் வழிகள் உண்டு. தேவைப்பட்டால் கோர் (துளையிட்டு எடுக்கும் கான்கிரீட் உருளை) எடுத்து நசுக்கலாம். செலவு கூடும், பதிலும் அத்தனை தெளிவாக இருக்காது. மீதமுள்ள கட்டங்களுக்காவது ஆளை அமர்த்துங்கள்.

ஒன்று மட்டும் கவனம்: குறையை நேராக ஆட்களிடம் சொல்லித் திருத்தச் சொல்லாதீர்கள். இன்ஜினீயர் எழுதிய தாள் கான்ட்ராக்டருக்கு வாட்ஸ்அப்பில் போகட்டும், அவர் மேஸ்திரியிடம் சொல்லட்டும். நாம் நடுவில் புகுந்தால், "ஓனர் சொன்னபடிதான் செஞ்சேன்" என்று நாளைக்கு நம் மேலேயே திரும்பும். மேஸ்திரியைப் பலர் முன்னால் மட்டம் தட்டவும் வேண்டாம். ரூஃப் அன்று இரவு ஒன்பது வரை நின்ற இருவருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். அடுத்த தளத்துக்குக் கம்பி கட்டியபோது மேஸ்திரியே போன் செய்து, "சேர் எல்லாம் வெச்சாச்சு, உங்க இன்ஜினீயரை வந்து பார்க்கச் சொல்லுங்க சார்" என்றார்.

அறிக்கைகள், கியூப் முடிவுகள், போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு, போனிலும் ஒரு பிரதி வையுங்கள். போன மாதம் ஏசி மாட்ட வந்த பையன் படுக்கையறைச் சுவரில் டிரில்லை வைத்தான். ஒரு நிமிஷம் இருப்பா என்று சொல்லிவிட்டு, டேப் வைத்து எடுத்த படத்தைத் தேடிக் காட்டினேன். அவன் வைத்த இடத்துக்கு நேர் பின்னால் மாடி டாங்கிலிருந்து இறங்கும் பைப். நாலு அங்குலம் தள்ளி ஓட்டை போட்டான்.